யன்னலும் வெளிப்பார்வையும்: மட்டக்களப்பு, அம்பாறை வீட்டுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, வீடு கட்டுபவரும் பழைய வீட்டைத் திருத்துபவரும் யன்னல் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வீதியால் போகிறவருக்கு உள்ளே தெரியக்கூடாது, ஆனால் காற்றும் வேண்டும். பலர் மொத்தமான சீலையொன்றைத் தொங்கவிட்டு, வெயில் காலத்தில் அவிந்துபோய், கடைசியில் அதை ஒதுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பிறகு சீலை இருந்தும் பயனில்லை. பார்வை எந்த உயரத்திலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து அதை மட்டும் மறித்தால் போதும்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறோம். அளவுகள் அடி, அங்குலத்தில் உள்ளன; மேசன்மாரும் ஓடாவிமாரும் பேசும் கணக்கு அதுதான்.

பகல்ல நெற் சீலை போட்டா வெளிய இருந்து ஒண்டும் தெரியல்ல. ராவைக்கு மட்டும் எல்லாம் தெரியுது எண்டு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. ஏன்?

எந்தப் பக்கம் வெளிச்சம் கூடவோ, அந்தப் பக்கத்தில் நடப்பதுதான் மற்றப் பக்கத்துக்குத் தெரியும். பகலில் வெயில் சீலையின் வெளிப்புறத்தில் பட்டுத் தெறிக்கிறது. வெளியே நிற்பவரின் கண்ணுக்கு அந்த வெள்ளைப் பளபளப்புத்தான் படும். அதற்குப் பின்னால் இருக்கும் இருட்டு அறை படாது. இரவில் வீட்டுக்குள் லைட் எரிய, வெளியே இருட்டு. இப்போது அதே சீலை தெருவில் நிற்பவருக்கு ஒரு மெல்லிய புகை மாதிரித்தான்.

மஃரிப் நேரம், விளக்கு வைக்கிற நேரம் என்று சொல்லும் அந்த அரை மணித்தியாலம்தான் கவனக்குறைவு கூடிய நேரம். உள்ளே லைட் போட்டாயிற்று, வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருப்பதால் சீலையை இழுக்க மனம் வராது. லைட் சுவிட்சில் கை வைக்கும்போதே சீலையையும் இழுத்துவிடுவது என்று வீட்டிலுள்ள எல்லோரும் பழகிக்கொள்வது நல்லது.

அப்ப ராவைக்கு என்ன செய்யிற? மொத்தச் சீலை போட்டா காத்து வராதே.

மூன்று வழி உண்டு. முதலாவது, இரட்டைக் கம்பி: யன்னல் பக்கம் நெற் சீலை, அறைப் பக்கம் மொத்தச் சீலை. மொத்தச் சீலையை ராவில் மட்டும் இழுப்பது. இரண்டாவது, அரைத் திரை: யன்னலின் கீழ்ப் பாதியை மட்டும் மறைப்பது. சூடான காற்று மேலே போகும் என்பதால் மேற்பாதி திறந்திருப்பது வெக்கைக்கும் நல்லது. விறாந்தைக்கும் முன் அறைக்கும் இதுவே போதும் என்பது எங்கள் எண்ணம். படுக்கை அறைக்கு இரட்டைக் கம்பிதான் சரி.

மூன்றாவது, பலர் யோசிக்காதது: லைட்டின் இடம். பல்ப் யன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தால், நடுவில் நடமாடும் ஆளின் நிழல் சீலையில் அச்சொட்டாக விழும். யன்னல் இருக்கும் அதே சுவரில், யன்னலுக்கு மேலே பல்பைப் பூட்டினால் நிழல் உள்சுவரில்தான் விழும். வயரிங் செய்ய முன்னரே எலக்ட்ரீசியனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பூசி முடிந்த சுவரை வெட்டிப் பிறகு மாற்றுவது வீண் செலவு.

யன்னலை நிலத்துல இருந்து எவ்வளவு உயரத்துல வைக்கிற?

முதலில் அத்திவாரம் வீதியிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மாரி வெள்ளத்துக்குப் பயந்து இங்கே பலர் வீட்டு நிலத்தை 2 அடி உயர்த்துகிறார்கள். வீதியில் நடப்பவரின் கண் ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும். வீட்டு நிலத்திலிருந்து பார்த்தால் அது 3 அடிதான். ஆகவே யன்னலின் அடி விளிம்பை 3 அடி 6 அங்குலத்தில் வைத்தால் அவருடைய பார்வை கீழிருந்து மேலாகச் சரிந்துதான் உள்ளே வரும். பாயில் இருப்பவர், கட்டிலில் படுப்பவர் தெரியமாட்டார்கள். கதிரையில் இருப்பவரின் தலை மட்டும் தெரியலாம். எழுந்து நிற்பவர் நெஞ்சுக்கு மேல் தெரிவார்.

அத்திவாரம் வீதி மட்டத்திலேயே இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே 3 அடி 6 அங்குலம் வைத்தாலும் நடப்பவர் மேலிருந்து கீழாகக் கட்டிலைப் பார்ப்பார். அப்படியான வீட்டில் வீதிப் பக்கத்துப் படுக்கை அறைக்கு 4 அடி 6 அங்குலத்தில் அகலமான, உயரம் குறைந்த யன்னலும், வளவுப் பக்கச் சுவரில் வழமையான யன்னலும் வைப்பது நல்லது. குசினி யன்னலைச் சமையல் மேடைக்கு மேல் 6 அங்குலம் விட்டுத் தொடங்கலாம். குளியலறைக்கு 5 அடி 6 அங்குலத்துக்குக் கீழே எதுவும் வேண்டாம்.

எங்கட வீடு மெயின் ரோட்டுல. பஸ்ஸில போறவங்களுக்குத் தெரியுமே?

தெரியும். கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியோரத்தில் மதிலும் இல்லாமல் பல வீடுகள் இருக்கின்றன. பஸ்ஸில் இருப்பவரின் கண் வீதியிலிருந்து ஏறத்தாழ 7 அடியில் இருக்கும்; நிற்பவரின் கண் 8 அடியில். 6 அடி மதில் கட்டினாலும் அதற்கு மேலால் பார்வை வந்துவிடும்.

2 அடி அத்திவாரம் உள்ள வீட்டில், வீட்டு நிலத்திலிருந்து 5 அடி 6 அங்குலம் வரை யன்னலை மறையுங்கள். அரைத் திரையோ மங்கல் ஸ்டிக்கரோ எதுவானாலும் சரி. இருக்கையில் இருப்பவரின் பார்வை அதோடு நின்றுவிடும்; நிற்கும் பயணிக்குத் தலைகள் மட்டும் தெரியும். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. பஸ் நிறுத்துமிடத்துக்கு எதிர் வீடு என்றால் முழு உயரத்துக்கும் மறைப்பு வேண்டும்.

சீலைக்கு எத்தின யார் துணி எடுக்கணும்?

4 அடி அகலம், 4 அடி உயரமுள்ள யன்னலுக்குக் கணக்கு இப்படி. கம்பி இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீள வேண்டும். அப்போது 5 அடி. இதைச் செய்யாவிட்டால் ஓரத்தில் கீற்றாக ஒரு வழி திறந்திருக்கும். சரிந்து பார்ப்பவருக்கு அது போதும். சுருக்கம் விழ அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி, அதாவது 10 அடி. 45 அங்குல அகலத் துணியில் 3 துண்டு. உயரத்துக்கு யன்னல் 48 அங்குலம், மேலே 6, கீழே 8. மடிப்புக்கு 7, சுருங்குவதற்கு 3. மொத்தம் 72 அங்குலம், 2 யார். ஆக 6 யார், மீற்றரில் ஐந்தரை.

மருதமுனைக் கைத்தறித் துணி இதற்கு நன்றாக நிற்கும். ஆனால் பருத்தி சுருங்கும். தைக்க முன் ஒருமுறை நனைத்துக் காயவிட்டால் பிறகு சீலை யன்னலுக்கு மேலே ஏறி நிற்காது. துணியைக் கடையிலேயே லைட்டுக்கு நேரே பிடித்து, பின்னால் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அது ராச் சீலைக்கு ஆகாது.

கச்சான் காத்துக்கு சீலை பறந்து மேல போகுது. எல்லாம் தெரியுது.

கீழ் மடிப்பை 4 அங்குலமாக விட்டு உள்ளே பாரம் வையுங்கள். தையல் கடைகளில் விற்கும் மெல்லிய சங்கிலி நல்லது. இரும்பு வொஷர் போட்டால் துவைத்தபின் கறை பிடிக்கும். இன்னும் உறுதியான வழி மேலும் கீழும் கம்பி போடுவது. அரைத் திரைக்கு ஸ்பிரிங் வயர் இரண்டு, யன்னல் நிலையில் கொளுக்கி நான்கு. 4 அடிக்கு வயரை 3 அங்குலம் குறைத்து வெட்டுங்கள். சரியான நீளத்துக்கு வெட்டினால் இரண்டு மாதத்தில் தொய்ந்துவிடும். 4 அடிக்கு மேல் என்றால் நடுவிலும் ஒரு கொளுக்கி வேண்டும்.

கச்சான் மேற்கிலிருந்து சூட்டோடும் தூசியோடும் வருவது. மேற்கு யன்னலை அந்த நேரத்தில் பாதி சாத்தி, கிழக்கு யன்னலை முழுதாகத் திறந்தால் காற்று ஊடறுத்துப் போகும், சீலையும் அடங்கும்.

முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி மின்னுற ஸ்டிக்கர் ஒட்டினா ரெண்டு பக்கப் பிரச்சினையும் தீருமா?

பகல் பிரச்சினை தீரும். இரவில் தலைகீழ். முதல் பதிலில் சொன்ன அதே விதிதான் இதற்கும்: உள்ளே லைட் எரிந்தால் வெளியே நிற்பவருக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கோ கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். வெளியே ஆள் நிற்பதுகூடத் தெரியாத நிலை அது. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் சீலையைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு, அது பிழை. கடைக்காரர் பகலில் காட்டும் மாதிரியைப் பார்த்து வாங்காதீர்கள்.

இன்னொன்று: கருமையான ஸ்டிக்கர் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும். மேற்கு வெயில் படும் பழைய கண்ணாடியில், பாதி நிழலும் பாதி வெயிலுமாக இருந்தால் ஓரத்திலிருந்து வெடிப்பு ஓடலாம்.

மங்கல் ஸ்டிக்கரை நாங்களே ஒட்டலாமா? போன முறை முழுக்கக் குமிழி.

ஒட்டலாம். குமிழிக்குக் காரணம் பெரும்பாலும் தூசியும் தண்ணீர்க் குறைவும். காற்றாடியை நிறுத்துங்கள். கண்ணாடியைச் சவர்க்கார நீரால் கழுவி, புது பிளேட்டைச் சரித்துப் பிடித்துப் பழைய பெயின்ற் பொட்டு, ஈ எச்சம் எல்லாவற்றையும் சுரண்டுங்கள். அரை லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து துளி விட்டு ஸ்பிறே போத்தலில் நிரப்புங்கள். ஸ்டிக்கரைக் கண்ணாடியை விட எல்லாப் பக்கமும் 1 அங்குலம் கூட வெட்டி, கண்ணாடியிலும் ஸ்டிக்கரின் பசைப் பக்கத்திலும் சொட்டச் சொட்ட அடித்து, மேலிருந்து இறக்கி ஒட்டுங்கள். பிறகு றப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். கடைசியில் ஓரத்தில் ஒரு நூல் அளவு இடைவெளி விட்டு வெட்டுங்கள். நிலையில் முட்டினால் அந்த இடத்திலிருந்துதான் உரியத் தொடங்கும். சிறு பனி மூட்டம் மாதிரி இருந்தால் சில நாளில் காய்ந்து போகும்.

பூ வேலைப்பாடுள்ள கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. மறுபக்கத்தில் ஒட்டுங்கள்.

குளியலறைக்கு மங்கல் கண்ணாடிதான் போட்டிருக்கு. அப்பவும் ஆள் நிக்கிறது தெரியுதாம்.

மங்கல் கண்ணாடி தூரத்தில் இருப்பதைத்தான் கலைக்கும். கண்ணாடியிலிருந்து ஓர் அடிக்குள் நிற்பவரின் உருவம் தெளிவாக விழும். ஆகவே ஷவரை யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். பல்பை யன்னல் சுவரில் வையுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். மணல் அடித்து மங்கலாக்கிய கண்ணாடிக்கு இன்னொரு குணம் உண்டு: சொரசொரப்புப் பக்கம் நனைந்தால் தற்காலிகமாகத் தெளிந்துவிடும். வழுவழுப்பான பக்கம் தண்ணீர் படும் உட்புறமாக இருக்கவேண்டும். வெளியே மழைச் சாரல் படாமல் சன்சேட் வேண்டும்.

பூக்கல் வைச்சா யன்னலே தேவயில்லதானே?

சீமெந்தால் வார்த்த ஓட்டைக் கல்லின் பலம் அதன் ஆழத்தில் இருக்கிறது. ஓட்டை 2 அங்குலம், கல்லின் ஆழம் 4 அங்குலம் என்றால், நேர்கோட்டிலிருந்து 27 பாகைக்கு மேல் சரிந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வீதியால் நடந்து போகிறவர் பெரும்பாலும் சரிந்துதான் பார்ப்பார்; நேரே நின்று பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். விறாந்தை ஓரம், படிக்கட்டு, குசினியின் பின்பக்கம் போன்ற இடங்களுக்கு இது அருமை.

அறைக்கு யன்னலின் இடத்தைப் பிடிக்க முடியாது. மூட வழியில்லை, மாரியில் வாடைக்காற்றோடு சாரல் வரும், நுளம்பும் வரும். உட்புறம் வலைச் சட்டம் ஒன்று பூட்டினால் நுளம்புக் கவலை குறையும்.

அக்காட வீடும் எங்கட வீடும் ஒரே வளவு. யன்னலுக்கு யன்னல் நேரே கிடக்கு.

பெண் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உள்ள இந்தப் பகுதியில் இது சாதாரணம். ஒரு வளவு இரண்டாக, மூன்றாகப் பிரிந்து, சுவருக்கும் சுவருக்கும் 6 அடிதான் மிஞ்சும். சொந்தம்தானே என்று கட்டும்போது யாரும் யோசிப்பதில்லை. மருமகன்மார் வந்தபிறகு இரண்டு யன்னலும் நிரந்தரமாகப் பூட்டிக் கிடக்கும்.

புதிதாகக் கட்டுவதென்றால் எதிர் யன்னலின் விளிம்பிலிருந்து உங்கள் யன்னலின் விளிம்பு குறைந்தது 3 அடி விலகியிருக்கட்டும். 9 அங்குலச் சுவரும் சேர்ந்து பார்வையை அறையின் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும். அந்த மூலையில் அலுமாரியை வையுங்கள், கட்டிலை அல்ல.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு யன்னல் கதவையே மறைப்பாக்கலாம். 2 அடி அகலப் பலகைக் கதவை வெளிப்பக்கம் 90 பாகை திறந்து கொளுக்கி மாட்டினால், அது பிணைச்சல் உள்ள பக்கத்திலிருந்து வரும் பார்வையை வெட்டும். ஆகவே பிணைச்சல் எதிர் வீட்டு யன்னல் இருக்கும் பக்கத்தில் வரவேண்டும். ஓடாவிக்கு இது அரை நாள் வேலை. இரண்டு யன்னலும் அச்சாக நேருக்கு நேர் என்றால் கதவு உதவாது, அரைத் திரைதான்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி கட்டிட்டார். இப்ப மேல இருந்து பாத்தா கட்டில் வரைக்கும் தெரியுது.

மேலிருந்து வரும் பார்வைக்கு அரைத் திரை பயன்படாது. அது யன்னலின் மேற்பாதியால் உள்ளே இறங்குகிறது. இங்கே தலைகீழாக, மேற்பாதியை மறையுங்கள். அதைவிட நல்லது சாய்ந்த பலகைச் சட்டம், லூவர் என்று சொல்வது. பலகைகள் வெளிப்பக்கம் கீழே சரிந்திருக்க வேண்டும். அப்போது மழையும் உள்ளே வராது, மேலே நிற்பவருக்கும் தெரியாது, உங்களுக்கு முற்றம் தெரியும், காற்றும் வரும். 3 அங்குலப் பலகையை 45 பாகை சரித்தால் அதன் நிமிர்ந்த உயரம் 2 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஆகவே பலகைக்குப் பலகை 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் நேரே பார்ப்பவருக்கு வெளி தெரியும். பலகையை மிச்சம் பிடிப்பதற்காக 3 அங்குலத்துக்கு ஒன்று அடிப்பதுதான் அடிக்கடி காணும் பிழை.

சன்சேட்டை நீட்டுவதும் உதவும். கிணற்றடியில் குளிப்பவர்களுக்கோ மேல்மாடிப் பார்வைக்கு வேலி போதாது. கிடுகோ தகரமோ போட்டுக் கூரைத்தட்டி ஒன்று இறக்கத்தான் வேண்டும்.

மதிலை உயர்த்தினா எல்லாம் முடிஞ்சிதானே?

நடந்து போகிறவருக்கு முடிந்துவிடும். பஸ்ஸுக்கும் மேல்மாடிக்கும் இல்லை. யன்னலிலிருந்து 4, 5 அடியில் கட்டும் உயர்ந்த மதில் காற்றையும் மறிக்கும். மதிலின் மேல் 18 அங்குலத்தைப் பூக்கல்லால் கட்டினால் கொஞ்சம் காற்று மிஞ்சும்.

படலையில ஆர் நிக்கிறா எண்டு எங்களுக்குத் தெரியணும். ஆனா அவருக்கு நாங்க தெரியப்படாது.

பகலில் ஆண்கள் இல்லாத வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கதவுக்குப் பக்கத்தில் 9 அங்குல அகலம், 3 அடி உயரத்தில் ஒரு சிறு யன்னல் வையுங்கள். கண் உயரம் அதன் நடுவில் வரட்டும். அதில் கறுப்பு நிற நுளம்பு வலை பூட்டுங்கள், வெள்ளை வேண்டாம். வெள்ளை வலையில் வெயில் பட்டால் இரண்டு பக்கமும் கண் கூசும். கறுப்பு வலையூடாக உள்ளேயிருந்து வெளி தெளிவாகத் தெரியும். பார்க்கும்போது வலையிலிருந்து 2 அடி பின்னால் நில்லுங்கள், பின்னால் உள்ள கதவை மூடி இருட்டாக வைத்திருங்கள்.

இரவில் இதற்கு நேர்மாறு: உள் லைட்டை அணைத்து விறாந்தை லைட்டைப் போட வேண்டும். விறாந்தை லைட்டின் சுவிட்ச் உள்ளே, அந்தச் சிறு யன்னலுக்குக் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நுளம்பு வலையை ராவைக்கு மட்டும் பூட்டினா காணும்தானே?

காணாது. டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, முக்கியமாகக் காலையிலும் பின்னேரத்திலும். வலை யன்னலோடு நிரந்தரமாக இருக்கட்டும். கடல் பக்கத்தில் வலைக்கண்ணில் உப்பும் தூசியும் சேர்ந்து காற்றைக் குறைக்கும். மாதத்துக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழற்ற முடியாதபடி ஆணி அடித்த வலையை யாரும் கழுவமாட்டார்கள், ஆகவே வெல்க்ரோ பட்டியோ சுழல் கொளுக்கியோ போடுங்கள்.

கம்பி கிரில் ரெண்டு வருசத்துல கறள் பிடிச்சிட்டு. பெயின்ற் அடிச்சும் பயனில்ல.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலுக்குக் கிட்ட எங்கும் இதே கதை. பெயின்றுக்குக் கீழே உப்பு மிஞ்சியிருப்பதுதான் காரணம். கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, அரத்தாள் போட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவி முற்றாகக் காயவிடுங்கள். அதே நாளிலேயே றெட் ஒக்சைட் அடியுங்கள். ஒரு ராத்திரி விட்டால் உப்புக் காற்று திரும்பப் படியும். அதற்கு மேல் எனாமல் இரண்டு கை.

புதுக் கிரில் என்றால் சுவருக்குள் போகும் நுனிகளையும் வெல்டிங் மூட்டுகளையும் பூட்ட முன்னரே பூசுங்கள். கம்பியின் அடிப்பகுதி சீமெந்து விளிம்பில் முட்டாமல் அரை அங்குலம் விலகட்டும். தண்ணீர் தேங்குமிடத்தில்தான் முதலில் உக்கும். கம்பிக்குக் கம்பி 4 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், சின்னப் பிள்ளைகளின் தலை மாட்டிக்கொள்ளும்.

கள்ளனுக்குப் பயந்து எல்லா யன்னலுக்கும் கிரில் போட்டாச்சு. நெருப்புப் பிடிச்சா எப்பிடி வெளிய வாற?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு படுக்கை அறையிலும் ஒரு கிரிலாவது பிணைச்சலில் திறக்க வேண்டும், பூட்டு உள்ளே. திறப்பை யன்னலிலிருந்து 4 அடி தள்ளி, வெளியிலிருந்து நீட்டும் கைக்கு எட்டாத, வீட்டுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். திறந்தால் 2 அடி அகலமாவது இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்து பாருங்கள். உப்புக் காற்றில் பூட்டு இறுகிவிடும்.

அலுமினியச் சிலைடிங் யன்னல் நல்லமா?

பாதிதான் திறக்கும், அதை யோசித்து வாங்குங்கள். 4 அடி யன்னலில் 2 அடிக்குத்தான் காற்று. தண்டவாளத்தின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மணலால் அடைபட்டால் மாரி மழை உள்ளே வழியும்; ஐப்பசியிலேயே பழைய பல் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். இரும்பு ஆணி போடவிடாதீர்கள். உப்பு ஈரத்தில் அலுமினியம் அதைச் சுற்றி அரித்துப் போகும்.

யன்னல் எண்ணிக்கை இரட்டைப்படையா இரிக்கணுமாமே?

மனையடி பார்ப்பவர்கள் அப்படிச் சொல்வார்கள். நம்பிக்கை இருந்தால் ஒன்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அதற்காக வீதிப் பக்கத்தில் தேவையில்லாத யன்னலை வைத்து, வாழ்நாள் முழுக்க அதைப் பூட்டி வைக்காதீர்கள். கூட்டுவதென்றால் வளவுப் பக்கம் கூட்டுங்கள்.

யன்னல் எல்லாம் மூடினாலும் உள்ளுக்க கதைக்கிறது பக்கத்து வீட்டுக்குக் கேக்குது.

யன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். அது எப்போதும் திறந்துதான் இருக்கிறது. ஓட்டு வீட்டில் சுவர் வளை வரை போகாமல் நின்றால், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெளியால் சத்தம் அறைக்கு அறையும் போகும், வெளியும் போகும். சீலை எவ்வளவு மொத்தமானாலும் பேச்சுச் சத்தத்தை மறிக்காது. அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். சீலிங் அடித்து, துவாரத்தை எதிர் வீட்டுப் பக்கம் இல்லாத சுவருக்கு மாற்றுவதுதான் வழி. பணம் செலவாகும் வேலை. அதுவரை, முக்கியமான கதையை நடு அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

வாடகை வீடு. சுவரில ஓட்டை போட விடமாட்டாங்க.

நிலைக்குள் இறுக்கும் ஸ்பிரிங் கம்பி 4 அடி வரை மெல்லிய சீலையைத் தாங்கும். பசையில்லாமல் தண்ணீரால் மட்டும் ஒட்டும் மங்கல் ஸ்டிக்கரும் கிடைக்கிறது. போகும்போது உரித்துச் சுருட்டி எடுத்துப் போகலாம். பசையுள்ளதை ஒட்டாதீர்கள், முற்பணத்தில் கழிப்பார்கள்.

எல்லைச் சுவரிலயே யன்னல் வைக்கலாமா? பக்கத்துக் காணிக்காரர் பிறகு மதில் கட்டி மறைச்சா?

அடுத்த காணியின் எல்லையில் நிற்கும் சுவரில் யன்னல் வைக்க உள்ளூராட்சிச் சபை அனுமதிக்காது, இடம் விடவேண்டும். எவ்வளவு என்பது காணியின் அளவையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. வரைபடம் கீற முன்னர் பிரதேச சபை அல்லது மாநகர சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவும் சன்சேட்டும் எல்லையைத் தாண்டக்கூடாது. சன்சேட் தண்ணீர் அடுத்த வளவில் விழுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

அவர் தன் காணிக்குள், அனுமதியோடு மதில் கட்டினால், உங்கள் யன்னல் இருட்டாகிறது என்பதற்காக மட்டும் தடுப்பது கடினம். வெளிச்சத்துக்கான உரிமை யன்னல் வைத்ததால் தானாக வந்துவிடாது. உறுதியில் அப்படி ஏதும் எழுதியிருக்கிறதா என்று நொத்தாரிசிடம் காட்டிப் பாருங்கள். பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது; 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குவது, செலவும் மிகக் குறைவு. வழக்குக்கு முன்னால் அங்கே போவது நல்லது. நாளைக்கும் அதே வேலியடியில்தான் முகம் பார்க்க வேண்டும்.

முன் வீட்டுக்காரர் கமரா பூட்டியிருக்கார். அது எங்கட யன்னலப் பாக்குது.

முதலில் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கமராவின் முகம் உங்கள் பக்கம் இருந்தாலும், அது உண்மையில் அவருடைய படலையை மட்டும் எடுக்கலாம். உங்கள் யன்னல் விழுந்தால், கமராவைச் சற்றுக் கீழே திருப்பலாம். பெரும்பாலான கமராக்களின் அமைப்பில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புச் சதுரத்தால் நிரந்தரமாக மறைக்கும் வசதியும் உண்டு. பூட்டிய ஆளுக்குப் பத்து நிமிட வேலை. கமராவை எடுக்கச் சொல்லிப் போனால் சண்டை வரும். இந்தச் சதுரத்தைப் போடச் சொல்லிப் போனால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. தனிநபர் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருப்பதை அந்தச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. கடையோ அலுவலகமோ வைத்த கமரா என்றால் கதை வேறு. வீட்டுக் கமராவுக்கு, முந்தைய பதிலில் சொன்ன மத்தியஸ்த சபைதான் நடைமுறைக்கு ஏற்றது. படம் யாருக்காவது அனுப்பப்பட்டது, மிரட்டப் பயன்பட்டது என்றால் தாமதிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். எதுவானாலும் முடிவு வரும்வரை அந்த யன்னலுக்கு இரட்டைக் கம்பி போடுங்கள்; கமராவும் முதல் பதிலில் சொன்ன வெளிச்ச விதிக்கு உட்பட்டதுதான்.